மாதக் கணக்கும் மணிக் கணக்கும்



உடன்குடிப் பக்கம் பனையேறும் அண்ணாச்சிகளுக்குக் கடிகாரம் தேவையில்லை. பாளையை எப்போது சீவ வேண்டும், கலயத்தை எப்போது இறக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். பங்குனி, சித்திரையில் பதநீர் நன்றாக இறங்கும். பருவம் போய்விட்டால் எத்தனை சீவினாலும் மரம் கொடுக்காது. மணப்பாட்டுக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வற்றும். அதுவும் தினம் ஒரே மணிக்கு ஏறாது. ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளி ஏறும்.

நமது உடம்புக்குள்ளும் இப்படிப் பல கணக்குகள் ஓடுகின்றன. இரவில் உறங்கிக் காலையில் விழிப்பது ஒரு நாள் கணக்கு. அதைவிடக் குறுகியதும் உண்டு, நீண்டதும் உண்டு. கைப்பிள்ளை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பாலுக்கு அழுகிறதே, அது குறுகிய கணக்கு. பெண்ணுக்கு மாதவிலக்கு வருவது நீண்ட கணக்கு. பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர்களும், இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் இந்த இரண்டையும் தெரிந்துகொள்வது அவசியம். கூச்சத்தினால் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் இது. அதனால் எத்தனையோ வீடுகளில் வீண் பழியும், வேண்டாத கர்ப்பமும், கலைப்பும் வந்து சேருகின்றன.

எங்கிருந்து எண்ணுவது?

தாய்மார் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் சிஸ்டர், தலைக்கு ஊத்துன பெறவு பத்து நாளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எங்க அத்தை சொல்லுதாவ. நெசந்தானா?" பக்கத்தில் இருப்பவர் இதற்கு நேர்மாறாகச் சொல்லுவார்: "இல்ல மைனி, குளிச்ச அன்னைக்கே தங்கிரும்பாவ." இரண்டு பேரும் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. சாதாரணமாக மாதம் ஒரு முட்டை பக்குவமாகி வெளியே வருகிறது. அதே சமயம் கர்ப்பப்பையின் உள்பக்கம் மெத்தை போலத் தடித்து, கருவை ஏற்கத் தயாராகிறது. கரு தங்காவிட்டால் அந்த மெத்தை கரைந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுவே மாதவிலக்கு. கரு தங்கிவிட்டால் விலக்கு நின்றுபோகும். "முழுகாம இருக்கா" என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியான பேச்சு.

முட்டை எந்த நாளில் வெளிவருகிறது என்பதை 1920-களில் ஜப்பானில் டாக்டர் ஓகினோவும், ஆஸ்திரியாவில் டாக்டர் க்னாஸும் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். இரண்டு பேரும் கண்ட உண்மை ஒன்றுதான். முட்டை வெளிவரும் நாள் போன விலக்கோடு கட்டுப்பட்டதில்லை; அடுத்து வரப்போகும் விலக்கோடு கட்டுப்பட்டது. அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு, 12-லிருந்து 16 நாளுக்குள், முட்டை வெளிவருகிறது. மாதச் சுற்றின் பின்பாதி பெரிதாக மாறுவதில்லை. நீளுவதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பாதிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரத்தம் பட்ட முதல் நாளை ஒன்று என்று வைத்து, அடுத்த விலக்குக்கு முந்தின நாள் வரை எண்ணினால் அது ஒரு சுற்று. 28 நாள் சுற்று உள்ளவருக்கு 14-ஆம் நாளை ஒட்டி முட்டை வரும். 35 நாள் சுற்றுக்காரருக்கு 21-ஆம் நாள். 24 நாளுக்கு ஒரு தரம் விலக்காகிறவருக்கோ 10-ஆம் நாளே வந்துவிடும்.

முட்டையின் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். ஆணின் விந்தணு அப்படியல்ல. பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆகையால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தின ஐந்து நாளும் ஆக ஆறு நாள்தான் கரு தங்கும் நாட்கள். அமெரிக்காவில் டாக்டர் வில்காக்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 221 பெண்களை நாள்தோறும் கவனித்து 1995-இல் இதை உறுதி செய்தார்கள். இப்போது அந்த 24 நாள்காரரைப் பாருங்கள். அவருக்குக் கரு தங்கும் காலம் 5-ஆம் நாளே தொடங்குகிறது. குளித்த கையோடு பத்து நாள் பயமில்லை என்று அவரிடம் சொன்னால் என்ன ஆகும்? முழு ஆறு நாளும் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

லீவில் வருகிற கணவர்

நம் பகுதி ஆண்கள் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஒரு பத்து நாள், பொங்கலுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு வருவார்கள். ஒரு கணவர் அப்படி வருஷத்தில் இரண்டு தரம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு 32 நாள் சுற்று. கரு தங்கும் நாட்கள் 13 முதல் 18 வரை. தசராவுக்கு அவர் வந்தபோது மனைவிக்கு 22-ஆம் நாள். பொங்கலுக்கு வந்தபோது விலக்கான இரண்டாம் நாள். எட்டாம் நாள் திரும்பிப் போய்விட்டார். இப்படியே மூன்று வருஷம். அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் சூட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. கணவருக்கும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்திருந்த நாளும் முட்டை வந்த நாளும் சந்திக்கவே இல்லை, அவ்வளவுதான். கோவில் கோவிலாக விளக்குப் போடுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லீவு எழுதிக் கொடுக்குமுன் மனைவியிடம் தேதி கேட்டு எழுதுவதும் நல்லது.

சேர்ந்தே வாழும் தம்பதிகள் ஒரு வருஷம் பார்க்கலாம். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம் போதும். அதற்குள் கரு தங்காவிட்டால் இரண்டு பேருமே டாக்டரிடம் போக வேண்டும். மனைவியை மட்டும் அனுப்புவது அரைப் பரிசோதனைதான். ஆணுக்கும் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. கடுமையான காய்ச்சல் வந்து தேறியவருக்கு, அதன் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று மாதம் விந்தில் தெரியலாம். ஆண் கருத்தடை சிகிச்சை செய்துகொண்டவர்களை மூன்று மாதம் நிரோத் உபயோகிக்கச் சொல்வதும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தச் சொல்வதும் ஏனென்றால், வழியில் ஏற்கனவே நிற்கும் அணுக்கள் தீர வேண்டும். சிலர் இதைக் காதில் வாங்காமல், பிறகு மனைவி முழுகாமல் இருக்கும்போது அவளைச் சந்தேகப்படுகிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் வேறு இல்லை.

மணிமாலை சொன்ன பாடம்

"சரி, அந்த ஆறு நாளை மட்டும் தள்ளி வைத்தால் கர்ப்பம் ஆகாதே, மாத்திரை எதற்கு, லூப் எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்திய அரசே இதைப் பரீட்சை செய்து பார்த்தது. அரசாங்கத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை உலகில் முதலில் தொடங்கிய நாடு நம் நாடு, அது 1952. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌர், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியைக் கேட்டார். டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்கர் வந்தார். டில்லியில் லோதி காலனியிலும், மைசூர் ராஜ்யத்தில் ராமநகரம் என்ற ஊரிலும் சோதனை நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக, நாளுக்கு ஒரு மணி என்று கோத்த மாலை கொடுத்தார்கள். ஆபத்தான நாளுக்கு ஒரு நிறம், மற்ற நாளுக்கு ஒரு நிறம். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும்.

யோசனை அழகானதுதான். ஆனால் பலன் எதிர்பார்த்தபடி இல்லை. மணி தள்ள மறந்தவர்கள் உண்டு. இருட்டில் நிறம் தெரியவில்லை என்ற குறையும் வந்தது. எல்லாவற்றிலும் பெரியது, சுற்று ஒழுங்கில்லாத பெண்களுக்கு அந்த மாலை பொருந்தவே இல்லை. மாலையில் மணிகளின் எண்ணிக்கை மாறாது. உடம்பில் நாள் மாறும்.

ஏன் மாறுகிறது? காய்ச்சல், கவலை, பட்டினி, உடம்பு இளைப்பது, வயதுக்கு வந்த புதிது, நாற்பதைத் தாண்டிய வயது, பிரசவத்திற்குப் பிறகு வரும் மாதங்கள் ஆகிய எதிலும் முட்டை வருவது தள்ளிப்போகலாம். முட்டை தள்ளினால் விலக்கும் தள்ளும். கல்யாண வீட்டு வேலைக்குப் பிறகு "நாள் தள்ளிப்போச்சு" என்பார்களே, அது இதுதான். சிலர் நிலாவைச் சொல்வார்கள். நிலா 29½ நாளுக்கு ஒரு சுற்று வருகிறது, விலக்கும் ஏறக்குறைய அப்படி வருகிறது என்பதால் வந்த எண்ணம் அது. நிலாவே ஆட்டி வைக்கிறதென்றால் ஒரு தெருவில் உள்ள பெண்களெல்லாம் ஒரே அமாவாசைக்கு விலக்காக வேண்டாமா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் உடம்பின் இந்தக் கணக்குகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். வெளியுலகத் தொடர்பும் நேரமும் தெரியாத தனியிடத்தில் ஒரு பெண்ணைத் தங்கவைத்துக் கவனித்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். மாதவிலக்கின் சுற்று, உறங்கி விழிக்கும் சுற்றோடு கட்டுப்படவில்லை என்று கண்டார்கள். அதாவது உடம்புக்குள் ஒரே கடிகாரம் எல்லாவற்றையும் ஓட்டவில்லை. நாள் கணக்குக்கு ஒன்று, மாதக் கணக்குக்கு வேறொன்று.

இப்போது வீட்டுக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு பெண்ணுக்கு ஆறு சுற்றுகள் 26, 31, 28, 33, 27, 30 நாளாக வந்தன. இது ஒன்றும் நோயில்லை, பலருக்கும் இப்படித்தான் வரும். நாள் பார்க்கும் முறைப்படி மிகக் குறைந்த சுற்றிலிருந்து 18-ஐயும், மிக நீண்டதிலிருந்து 11-ஐயும் கழிக்க வேண்டும். 26-இல் 18 போக 8. 33-இல் 11 போக 22. ஆக 8-ஆம் நாள் முதல் 22-ஆம் நாள் வரை, பதினைந்து நாளும் ஆபத்தான நாட்கள். ஆறு நாள் என்று தொடங்கியது பதினைந்தாகிவிட்டது பாருங்கள்! எந்த ஆறு என்று முன்கூட்டியே தெரியாததற்கு நாம் கொடுக்கும் விலை அது. பத்து நாள் லீவில் வந்த கணவரிடம் இதைச் சொல்லிக் கட்டுப்படுத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

சமீப காலத்தில் 32 மணி கோத்த புதிய மாலை ஒன்று வந்திருக்கிறது. சுற்று எப்போதும் 26-லிருந்து 32 நாளுக்குள் வரும் பெண்களுக்கு மட்டும் அது ஏற்றது. 8 முதல் 19 வரை விலகியிருக்க வேண்டும். 2002-இல் வெளியான ஆராய்ச்சிப்படி, ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்த 100 பேரில் ஐந்து பேரும், நடைமுறையில் உபயோகித்த 100 பேரில் பன்னிரண்டு பேரும் ஒரு வருஷத்துக்குள் கர்ப்பமானார்கள். காப்பர்-டி போட்டவர்களில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆகவே இன்னொரு கர்ப்பம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் தாய்மார்கள் நாள் பார்க்கும் முறையை நம்பி இருக்கவே கூடாது.

உடம்பே காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. முட்டை வரும் நாட்களை ஒட்டி, கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரலில் இழுத்தால் நீளுகிற மாதிரி வெள்ளை படும். இதைக் கண்டு "உடம்பு உருகுது" என்று பயந்து பத்தியம் இருக்கிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், பிள்ளை வேண்டுமென்பவர்களுக்கு அது நல்ல நாள். நாற்றம், அரிப்பு, தயிர்த்திப்பி போன்ற வெள்ளை, மஞ்சள் அல்லது பச்சை நிறம் இருந்தால் அது வேறு. உடனே காட்ட வேண்டும்.

மணிக்கு ஒரு தட்டு

இனி குறுகிய கணக்குக்கு வருவோம். மூளையின் அடிப்பாகத்திலிருந்து ஒருவிதச் சுரப்பு ஏறக்குறைய ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு ஒரு தரம் தட்டுத் தட்டாக வெளிப்படுகிறது. கதவைத் தட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் கீழேயுள்ள சுரப்பி விழித்து, சினைப்பைக்குச் செய்தி அனுப்பும், முட்டை பக்குவமாகும். அமெரிக்காவில் டாக்டர் நோபில் என்பவரும் கூட்டாளிகளும் குரங்குகளில் இதைச் சோதித்து 1978-இல் வெளியிட்டார்கள். மணிக்கு ஒரு தரம் இந்தச் சுரப்பைக் கொடுத்தபோது வேலை நடந்தது. அதையே விடாமல் ஒரே ஒழுக்காகக் கொடுத்தபோது வேலை படுத்துவிட்டது! இருபத்தெட்டு நாள் கணக்கை இந்த ஒரு மணிக் கணக்குதான் இயக்குகிறது.

பிள்ளை பெற்றவளுக்கு இது முக்கியம். குழந்தை மார்பில் சப்பும்போதெல்லாம் இந்தத் தட்டு ஒழுங்கு கெடுகிறது. அதனால்தான் பால் கொடுக்கும் தாய்க்கு விலக்கு வரத் தாமதமாகிறது. ஆனால் இதை நம்புவதற்கு மூன்று நிபந்தனைகள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. பிரசவத் தீட்டு நின்ற பிறகு விலக்கு ஒரு தரம்கூட வந்திருக்கக் கூடாது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், பகலில் நாலு மணிக்கு மேலும் இரவில் ஆறு மணிக்கு மேலும் இடைவெளி விடாமல் பால் கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குக் கர்ப்பம் ஆகாது என்று 1988-இல் இத்தாலியில் கூடிய நிபுணர்கள் முடிவு செய்தார்கள். மூன்றில் ஒன்று போனாலும் அந்தப் பாதுகாப்பு போயிற்று.

பெரும்பாலும் போவது மூன்றாவதுதான். பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் பால் குடிக்கும். அதன் உறக்கச் சுற்றும் சிறியது. பெரியவர்களுக்கு ஒன்றரை மணி என்றால் அதற்கு ஒரு மணிக்கும் குறைவு. ஆகையால் அடிக்கடி முழிக்கும், சிணுங்கும். உடனே வீட்டில் "பால் பத்தலை, ராத்திரிக்கு ஒரு புட்டி மாப்பால் குடு" என்பார்கள். சிலர் கருப்பட்டித் தண்ணீரைத் துணியில் நனைத்து வைப்பார்கள். நமது உடன்குடிக் கருப்பட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதைத் தாய் சாப்பிடட்டும். ஆறு மாதம் வரை பிள்ளைக்கு வேண்டாம். பாளையை நாள் தவறாமல் சீவினால்தான் பதநீர் இறங்கும், இரண்டு நாள் விட்டால் காய்ந்துபோகும். மார்பும் அப்படியே. புட்டி வந்தால் பிள்ளை சப்புவது குறையும், பால் குறையும், மூளையின் தட்டு பழையபடி ஒழுங்காகும், முட்டை வந்துவிடும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. முட்டை முதலில் வரும், இரண்டு வாரம் கழித்துத்தான் விலக்கு வரும். அந்த முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் விலக்கு வரவே வராது. "இன்னும் குளிக்கவே இல்லையே சிஸ்டர், எப்படி?" என்று நாலு மாதக் கர்ப்பத்தோடு வந்து நிற்கும் தாய்மார்கள் இதனால்தான். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை, உடம்பில் இரத்தம் இல்லை.

ஆகையால் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்வது நல்லது. பிரசவமான 48 மணிக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பதை அது கெடுக்காது. நிரோத் எப்போதும் உண்டு. சாயா என்ற மாத்திரை லட்சுமணபுரி என்னும் லக்னோவில் உள்ள நம் நாட்டு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டது. பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. கிழமை மாறக் கூடாது. இதைச் சாப்பிடும்போது சிலருக்கு விலக்கு சற்றுத் தள்ளி வரலாம். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எந்த முறையில் இருந்தாலும் தேதி குறித்து வைக்கும் பழக்கம் வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இரத்தம் பட்ட முதல் நாளை மட்டும் சுழித்து வையுங்கள். குளித்த நாளை அல்ல. சுற்று 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ தொடர்ந்து வந்தால், எட்டு நாளுக்கு மேல் இரத்தம் பட்டால், இரண்டு விலக்குக்கு நடுவே பட்டால், நின்று ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். வெட்கப்பட்டு வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

ஆறு மாதம் குறித்த நாட்காட்டியைக் கிராம சுகாதார செவிலியர் உங்கள் தெருவுக்கு வரும்போது எடுத்துக் காட்டுங்கள். கணவர் அன்று ஊரில் இருந்தால் அவரும் பக்கத்தில் உட்காரட்டும். அத்தையும் கூட இருந்து கேட்டால் மிகவும் நல்லது.